வாசலை மாற்றும் முன் புறவாசலைத் திறந்து பாருங்கள்

கல்லிடைக்குறிச்சியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றில் இருக்கிற கணினிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. 4 ஜிபி நினைவகம், சுழலும் பழைய வட்டு, அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். கடைக்காரர் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாமி படத்துக்குப் பூ வைப்பார், ஊதுபத்தி கொளுத்துவார், எதிர்க்கடையில் போய்க் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வருவார். அப்போதுதான் கடவுச்சொல் கேட்கும் திரை மெல்ல எழுந்து வரும். கடவுச்சொல்லைக் கொடுத்தால் இன்னொரு காப்பிக்கு நேரம் இருக்கும்.

"தம்பி, இந்த முதல் திரையை மாற்றி, வேறு லேசானது ஒன்றை வைத்துவிட முடியுமா?" என்று கேட்டார். முடியும் அண்ணாச்சி, ஆனால் நீங்கள் கேட்பது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை என்றேன். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே மூச்சில் செய்யப் போய்த்தான் பலர் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குப் போன் செய்கிறார்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் திண்ணையும் வாசல் கதவும். உள்ளே தார்சா, பட்டாசல், அடுக்களை. கடைசியில் புறவாசல். கணினியில் கடவுச்சொல் கேட்கும் திரை வாசல் கதவு மட்டுமே. அதற்கு டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். கடவுச்சொல் சரியாக இருந்தால் உங்களை உள்ளே விடுகிறது, அத்தோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. உள்ளே போனபின் பார்க்கும் பட்டியல், சன்னல், சின்னம் எல்லாம் டெஸ்க்டாப், அது வீடு. வாசல் வேறு, வீடு வேறு. எந்த வாசலையும் எந்த வீட்டுக்கும் பொருத்தலாம். புறவாசல் என்பது எழுத்து மட்டும் வருகிற கறுப்புத் திரை. அதைப் பற்றித்தான் முதலில் பேசப் போகிறேன்.

இந்தப் பிரிவினை இன்று நேற்று வந்ததில்லை. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் திரையில் சன்னல்களை வரையும் எக்ஸ் சாளர அமைப்புக்கு 1988இல் எக்ஸ்டிஎம் என்ற வாசல் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரி ஆய்வகத்தில் இருந்த யூனிக்ஸ் பணிநிலையங்களில் சிடிஇ என்ற டெஸ்க்டாப்பும் அதற்கென்று டிடிலாகின் என்ற வாசலும் இருந்தன. கீழே தடித்த ஒரு பலகை, அதில் பொத்தான்கள். நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் எல்லோருக்கும் போட்டுத் தருகிற எக்ஸ்எஃப்சிஇ, 1996இல் அந்தச் சிடிஇயின் சாயலில் தொடங்கப்பட்டதுதான். ஆகவே என் பரிந்துரையில் கொஞ்சம் பழைய பாசமும் உண்டு. தெரிந்தே படியுங்கள்.

அண்ணாச்சியின் கணினியில் இருந்தது க்னோம் டெஸ்க்டாப், அதன் வாசல் ஜிடிஎம்3. நல்ல கணினியில் இரண்டுமே அழகாக ஓடும். ஆனால் ஜிடிஎம் கடவுச்சொல் திரையைக் காட்டுவதற்கே க்னோமின் ஷெல் என்ற முகப்பு நிரலை ஏற்றுகிறது. நீங்கள் உள்ளே போகும்போது உங்களுக்கென்று அதே ஷெல் மறுபடியும் ஏறுகிறது. சுழலும் வட்டில் அந்த இரண்டு ஏற்றமும் காப்பி நேரமாகத் தெரிகின்றன. நாம் வைக்கப் போவது லைட்டிஎம் என்ற வாசலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற வீடும்.

ஒரு சொல். கட்டளைகளைப் போனில் சொல்லித் தருவது போலக் காதுக்கு விழும் வகையில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. எக்ஸ்11 என்ற அடைவிலும் எக்ஸ்அதாரிட்டி என்ற கோப்பிலும் எக்ஸும், பின்னால் வரும் சீட் என்ற சொல்லில் எஸ்ஸும் மட்டும் பெரிய எழுத்து. லைட்டிஎம் என்பது லைட் என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்தோடு டி, எம் சேர்த்து ஒட்டி எழுதுவது.

முதலில் புறவாசல். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப்3ஐத் தட்டுங்கள். படங்கள் மறைந்து, லாகின் என்று ஒரு வரி வரும். உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போங்கள். கடவுச்சொல் தட்டும்போது புள்ளிகூட வராது, பயப்பட வேண்டாம். இப்போது நிர்வாகி ஆக முடிகிறதா என்று பாருங்கள். டெபியனை நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகிக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருந்தால், நிர்வாகி உரிமையில் கட்டளையை ஓட்டும் சூடோ உங்களுக்கு வேலை செய்யாது. ரூட்டாகவே மாறும் எஸ்யூ போட வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம்: எஸ்யூ, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு. அந்தச் சிறுகோட்டை விட்டுவிட்டால் நீங்கள் ரூட் ஆகிவிடுவீர்கள், ஆனால் கட்டளைகளைத் தேடும் ரூட்டின் வழித்தடம் உங்களுக்கு வராது. பிறகு, வாசலை மாற்றும் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி கைவிரிக்கும். ஒரு சிறுகோட்டுக்காக வீரவநல்லூர்க்காரர் ஒருவர் என்னிடம் அரைமணி நேரம் வாதாடியிருக்கிறார்.

திரும்பப் படத்திரைக்கு வர, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்2. ஜிடிஎம் இருக்கும்போது பொதுவாகக் கடவுச்சொல் திரை எஃப்1இலும் நீங்கள் திறந்து வைத்திருக்கும் டெஸ்க்டாப் எஃப்2இலும் இருக்கும். மீந்துபோன பத்திரிகை அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் "உள்ளே 3, வெளியே 2" என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். மறுபக்கம் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயர். புறவாசல் திறக்காத கணினியில் நான் மேற்கொண்டு எதையும் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

இப்போது எந்த வாசல் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்:

கேட் /இடிசி/எக்ஸ்11/டிஃபால்ட்-டிஸ்ப்ளே-மேனேஜர்

ஒரே ஒரு வரி வரும்: /யூஎஸ்ஆர்/எஸ்பின்/ஜிடிஎம்3. இவ்வளவு பெரிய விஷயம் ஒற்றை வரிக் கோப்பில் இருப்பதைப் பார்த்து அண்ணாச்சிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

இனி வீடு. வாசலை இன்று தொடப் போவதில்லை. டிஎஃப் -எச் என்று தட்டி வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போனால் தாங்கும் யூபிஎஸ் இருக்கட்டும். பொதிகள், அதாவது நிரல் தொகுப்புகள், பாதி நிறுவப்பட்ட நேரத்தில் கரண்ட் போவதைவிடக் கெட்ட சகுனம் இந்தத் தொழிலில் இல்லை. ரூட்டாக இருந்து:

ஆப்ட் அப்டேட்
ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ4 எக்ஸ்எஃப்சிஇ4-குடீஸ்

நடுவில் நீலப் பின்னணியில் ஒரு கேள்வி வந்து எந்த டிஸ்ப்ளே மேனேஜர் வேண்டும் என்று கேட்டால், இப்போதைக்கு ஜிடிஎம்3 என்றே சொல்லுங்கள். நிறுவி முடிந்ததும் வெளியேறி, கடவுச்சொல் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்குங்கள். கடவுச்சொல் கேட்கும் அந்தக் கட்டத்தில் வலப்பக்கம் கீழே ஒரு பல்சக்கரம் தெரியும். பெயரைச் சொடுக்கும் முன் அது தெரியாது. அதனால் பலர் அது இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதில் எக்ஸ்எஃப்சிஇ செஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பழைய வாசல் வழியே புது வீட்டில் காலடி வைத்தாயிற்று. பிடிக்கவில்லையா, வெளியேறிப் பல்சக்கரத்தில் க்னோமைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

இந்தப் புது வீட்டில் குறைந்தது ஒரு வாரம் குடியிருங்கள். பிரிண்டர் வேலை செய்கிறதா, ஸ்கேனர் வருகிறதா, திரை பூட்டுகிறதா என்று பாருங்கள். க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மை நம்பி இருப்பது. எக்ஸ்எஃப்சிஇக்கு எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்கிரீன்சேவர் என்ற பொதியைப் போட்டுக்கொண்டால் எந்த வாசல் இருந்தாலும் பூட்டும்.

நம் கடைகளில் உண்மையான சோதனை தமிழ்த் தட்டச்சுதான். முதல் நாளே அது வந்தது. தட்டச்சு செய்யும் பிள்ளை தமிழ்99 விசைப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கினாள். திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. "அண்ணாச்சி, எழுத்தெல்லாம் போய்விட்டதே!" என்று கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். எழுத்து எங்கும் போகவில்லை. க்னோம் தன் அமைப்புக்குள்ளேயே ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரலை வைத்துக்கொண்டு, உள்ளீட்டுப் பட்டியலையும் தன்னிடமே வைத்திருந்தது. வீடு மாறியதும் அந்தப் பட்டியல் கூட வரவில்லை, அவ்வளவுதான். ஐபஸ், ஐபஸ்-எம்17என், ஐஎம்-கான்ஃபிக் மூன்றையும் நிறுவுங்கள். பிறகு ரூட்டாக அல்லாமல், தட்டச்சு செய்பவரின் பெயரிலேயே இருந்து ஐஎம்-கான்ஃபிக்கை ஓட்டி ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். வெளியேறி உள்ளே வந்து, ஐபஸ்-செட்டப் என்பதைத் திறந்து, தமிழ் என்பதற்குக் கீழே தமிழ்99ஐச் சேர்த்துவிடுங்கள். ஒரு கணினியை நான்கு பேர் பயன்படுத்தினால் நான்கு பேர் பெயரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நான் மூன்று பேருக்குச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். நான்காவது ஆள் அண்ணாச்சியின் மருமகன். அவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து கணக்குப் பார்ப்பவர். மாதக் கடைசியில் சரியாகப் போன் வந்தது.

தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபான்ட்ஸ்-லோஹித்-தமிழ் பொதி விடுபட்டிருக்கும். பொதியின் பெயரில் தமிழ் என்பது டி, ஏ, எம், எல் என்ற நான்கே எழுத்து. ஆப்ட் சர்ச் போட்டால் பிடித்துவிடலாம்.

ஒரு வாரம் முறையீடு இல்லாமல் போனதா? இனி வாசல்.

ஆப்ட் இன்ஸ்டால் லைட்டிஎம் லைட்டிஎம்-ஜிடிகே-க்ரீட்டர்

இப்போது அந்த நீலத் திரை வந்தால் லைட்டிஎம் என்று சொல்லுங்கள். வராமல் போனால், அல்லது முன்பு ஜிடிஎம்3 என்று சொல்லியிருந்தால்:

டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம்

தேர்வை அம்புக்குறியால் நகர்த்தி, டேப் விசையால் ஓகேயில் நிறுத்தி, என்டர். முன்பு பார்த்த ஒற்றை வரிக் கோப்பை மறுபடி கேட் போட்டுப் பாருங்கள். லைட்டிஎம் என்று மாறியிருக்க வேண்டும். உடனே அதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டுச் சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் டிஸ்ப்ளே மேனேஜரை மறுதொடக்கம் செய்யாதீர்கள். நீங்கள் நிற்கும் வாசலையே பெயர்த்தெடுப்பது போன்றது அது. திறந்திருக்கும் அத்தனை சன்னலும், சேமிக்காத பத்திரிகையும் சேர்ந்து போகும். கடை மூடும் நேரத்தில் முறையாக அணைத்து மறுபடி போடுங்கள்.

சாம்பல் பெட்டி ஒன்று வந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் வேலை முடிந்தது. கறுப்பாகவே நின்றால் எஃப்3 வழியாகப் புறவாசலுக்குப் போய், எஸ்யூ சிறுகோடு போட்டு, டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜிடிஎம்3 என்று கொடுத்து, ரீபூட். பழைய வாசல் திரும்பி வந்துவிடும். பிறகு ஆற அமர /வார்/லாக்/லைட்டிஎம் அடைவில் உள்ள பதிவுகளைப் படிக்கலாம்.

கடவுச்சொல் தவறு என்று சொன்னால் அது ஒரு கதை. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் அதே கடவுச்சொல் பெட்டியில் கொண்டுவந்து நிறுத்தினால் அது வேறு கதை. இரண்டாவதில் வாசலுக்குக் குற்றமில்லை. அது உள்ளே விட்டது, வீடுதான் வெளியே தள்ளியது. வட்டு நிரம்பியிருந்தால் இப்படி நடக்கும். இன்னொரு காரணம் சேரன்மகாதேவியில் எனக்கே வாய்த்தது. அங்கே ஒரு தட்டச்சு நிலையத்தில் ஜிடிஎம்மோடு ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணினி, லைட்டிஎம் போட்ட அன்று இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தது. புறவாசலில் போய், மறைந்த கோப்புகளும் தெரிய எல்எஸ் -எல்ஏ போட்டேன். வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி என்ற கோப்பு, படத்திரைக்குச் சாவி போன்றது, ரூட்டின் பெயரில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். அந்தக் கணினியில் பழைய உபுண்டு இருந்த காலத்தில், அவசரத்துக்குச் சூடோ போட்டு, வாசல் இல்லாமல் படத்திரையைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்த புண்ணியவான் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஜிடிஎம் அந்தச் சாவியை /ரன் அடைவில் தனியே வைத்துக்கொள்வதால் இந்தக் கோப்பைச் சீண்டவே இல்லை. லைட்டிஎம் வீட்டு அடைவில்தான் அதை எழுதும், எழுத உரிமை இல்லை, வெளியே தள்ளிவிட்டது. அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி உள்ளே போனால் புதிதாக ஒன்று உருவாகிவிடும். நான் அழித்தேன். யார் செய்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடவுச்சொல் உண்மையிலேயே தவறு என்று சொல்லி, நீங்களோ சரியாகத்தான் தட்டுகிறீர்கள் என்றால், /இடிசி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பைப் பாருங்கள். அதில் தமிழ் அமைப்பு முதலாவதாக இருந்தால் உங்கள் ஆங்கிலக் கடவுச்சொல் புள்ளிகளுக்குப் பின்னால் தமிழில் விழுந்துகொண்டிருக்கும். யூஎஸ் முதலில் இருக்கட்டும்.

டெபியனில் லைட்டிஎம் பயனர் பெயர்களைக் காட்டாது; ஒவ்வொரு முறையும் பெயரைத் தட்ட வேண்டும். கடையில் இது சரிப்படாது. /இடிசி/லைட்டிஎம் அடைவுக்குள் லைட்டிஎம்.கான்ஃப்.டி என்ற அடைவு இல்லையென்றால் உருவாக்கி, அதில் 50-கடை.கான்ஃப் என்று ஒரு கோப்பை வையுங்கள். 'கடை' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். அதில் இரண்டு வரி:

[சீட்:*]
க்ரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்=ஃபால்ஸ்

சதுர அடைப்புக்குள் இருக்கிற அந்த முதல் வரி இல்லாவிட்டால் இரண்டாவது வரிக்கு மதிப்பே கிடையாது. சீட்டின் எஸ் பெரிய எழுத்து. மூலக் கோப்பைத் திருத்தாமல் தனிக் கோப்பு வைப்பது என் பழக்கம். மறந்துபோன ஒருநாளில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே காட்டும். கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் வசதியும் இங்கே உண்டு. பலர் புழங்கும் கடையில் அதை நான் போட்டுத் தருவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும்.

படம். வாசலில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் வேண்டும் என்றார் அண்ணாச்சி. அவரே எடுத்தது, வடம் பிடிக்கிற கூட்டத்தின் தலைகளுக்கு மேலே தேர் சற்றே சாய்ந்து நிற்கும். லைட்டிஎம்-ஜிடிகே-க்ரீட்டர்.கான்ஃப் கோப்பில், [க்ரீட்டர்] என்ற வரிக்குக் கீழே, பேக்கிரவுண்டு= என்று எழுதிப் படத்தின் முழுப் பாதையைக் கொடுத்தேன். தேர் வரவில்லை. படம் அவருடைய வீட்டு அடைவில் இருந்தது. டெபியன் 12இல் ஒருவரின் வீட்டு அடைவுக்குள் இன்னொருவர் நுழைய முடியாது; கடவுச்சொல் திரையோ லைட்டிஎம் என்ற தனிப் பயனரின் பெயரில் ஓடுகிறது. அண்ணாச்சியின் பட்டாசலில் மாட்டியிருக்கும் படத்தைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் எப்படிப் பார்ப்பான்? படத்தை /யூஎஸ்ஆர்/ஷேர்/பேக்கிரவுண்ட்ஸ் அடைவுக்கு நகலெடுத்து, எல்லோரும் படிக்கலாம் என்று சிஎச்மோட் 644 போட்டேன். தேர் நிலைக்கு வந்தது.

டெபியன் அல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுருக்கம். பிகேஜி இன்ஸ்டால் கொடுத்து எக்ஸ்ஆர்க், எக்ஸ்எஃப்சிஇ, லைட்டிஎம், அதன் ஜிடிகே க்ரீட்டர் நான்கையும் நிறுவிவிட்டு, எஸ்ஒய்எஸ்ஆர்சி கட்டளையால் டிபஸ்_இனேபிள், லைட்டிஎம்_இனேபிள் இரண்டுக்கும் யெஸ் என்று வைத்தால் போதும். நீலத் திரை எதுவும் கேள்வி கேட்காது. பழைய வாசல் ஒன்றுக்கு அங்கே ஏற்கெனவே யெஸ் இருந்தால் அதை நோ ஆக்க மறந்துவிடாதீர்கள்; ஒரே நிலையில் இரண்டு கதவு நிற்காது.

பழைய க்னோமையும் ஜிடிஎம்மையும் என்ன செய்வது? கழற்றி எறியத் துடிக்காதீர்கள். ஜிடிஎம்3ஐ நீக்கச் சொன்னால் க்னோம்-கோர் என்ற தொகுப்புப் பொதியும் கூடவே போகும், ஏனென்றால் அது ஜிடிஎம்மை நம்பி நிற்கிறது. அடுத்து ஆட்டோரிமூவ் கொடுத்தால், இனி யாரும் கேட்க ஆளில்லை என்று அதன் பிள்ளைகளையெல்லாம் கணினி வாரிக்கொண்டு போகும். அந்தப் பட்டியலில் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிடிஎஃப் வாசிப்பானும் இருக்கலாம், வலையிணைப்பைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜரும் இருக்கலாம். நீக்கியே ஆக வேண்டுமென்றால் பட்டியலை வரிவரியாகப் படித்து, வேண்டியதையெல்லாம் முதலில் ஆப்ட்-மார்க் மேனுவல் கட்டளையால் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் கணினியில் நான் நீக்கவே இல்லை. வட்டில் இடம் இருக்கிறது. ஓடாத நிரல் நினைவகத்தைத் தின்னாது.

கிளம்பும்போது ஒன்றை மறந்துவிட்டேன், பாதி வழியில் நினைவு வந்தது. டெபியனில் லைட்டிஎம் படத்திரையை எஃப்7இல் வைக்கிறது, எஃப்2இல் அல்ல. கடைக்குப் போன் போட்டேன். அந்தப் பிள்ளைதான் எடுத்தாள். திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இரண்டை அடித்துவிட்டு ஏழு என்று எழுதம்மா என்றேன்.

"நேற்றே எழுதிவிட்டேன், அண்ணாச்சி. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன்" என்றாள்.